மின்சாரக் கார் யாருக்குப் பாதுகாப்பு?

மாணவர்களே, மின்சாரக் கார்களைப் பற்றி இரு வேறு கருத்துகளைக் கேட்டிருப்பீர்கள். "நல்ல கனமான வண்டி, மோதினாலும் உள்ளே இருப்பவருக்கு அவ்வளவு ஆபத்தில்லை" என்பார் ஒருவர். "சத்தமே இல்லாமல் பக்கத்தில் வந்துவிடும், அதுதான் ஆபத்து" என்பார் இன்னொருவர். இரண்டிலும் உண்மை உண்டு. முதலாமவர் காருக்குள் இருப்பவரை நினைக்கிறார்; இரண்டாமவர் வெளியே இருப்பவரை நினைக்கிறார்.

உள்ளே இருப்பவருக்கு

மின்சாரக் காரின் மின்கலத் தொகுதி பல நூறு கிலோ எடை கொண்டது. அது காரின் அடித்தளத்தில் பரப்பி வைக்கப்படுவதால் ஈர்ப்பு மையம் தாழ்வாக அமைகிறது. எனவே கார் கவிழும் வாய்ப்பு குறைகிறது. முன்புறத்தில் பெரிய பெட்ரோல் இயந்திரம் இல்லாததால், மோதும்போது நசுங்குவதற்கு அங்கே கூடுதல் இடமும் கிடைக்கிறது.

நசுங்குவது குறையல்லவா என்று கேட்பீர்கள். இல்லை, அது வேண்டுமென்றே செய்யப்பட்ட வடிவமைப்பு. முன்பகுதி நசுங்க நசுங்க, கார் நிற்க எடுத்துக்கொள்ளும் நேரம் கூடுகிறது. பயணியின் உடலைத் தாக்கும் விசை குறைகிறது. பயணிகள் அமரும் பகுதி மட்டும் உறுதியாக இருக்க வேண்டும். மெர்சிடிஸ் பென்ஸ் பொறியாளர் பெலா பரேனியின் இந்தச் சிந்தனை, 1959இல் அந்நிறுவனத்தின் கார்களில் நடைமுறைக்கு வந்தது.

எதிரே வருபவருக்கு

இப்போது ஒரு கணக்கு. 1,500 கிலோ மின்சாரக் காரும் 1,000 கிலோ பெட்ரோல் காரும் மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில், அதாவது விநாடிக்கு 10 மீட்டர் வேகத்தில், நேருக்கு நேர் மோதி ஒன்றாக ஒட்டிக்கொள்கின்றன என்று வைத்துக்கொள்வோம்.

மின்சாரக் காரின் உந்தம்: 1,500 × 10 = 15,000
பெட்ரோல் காரின் உந்தம் (எதிர்த்திசை): 1,000 × 10 = 10,000
மீதி உந்தம்: 5,000
மொத்த எடை: 2,500 கிலோ
மோதிய பின் வேகம்: 5,000 ÷ 2,500 = விநாடிக்கு 2 மீட்டர், மின்சாரக் கார் சென்ற திசையில்

மின்சாரக் காரின் வேகம் 10இலிருந்து 2ஆகக் குறைந்தது, மாற்றம் 8. சிறிய கார் நின்று, பிறகு பின்னோக்கித் தள்ளப்பட்டது, மாற்றம் 12. ஒரே மோதல்தான். ஆனால் கனத்த காரில் இருந்தவருக்குக் கிடைத்த பாதுகாப்பின் விலையை, இலேசான காரில் இருந்தவர் கொடுத்தார்.

இதைவிட இலேசானது மோட்டார் சைக்கிள். மலேசியச் சாலைகளில் உயிரிழப்போரில் பாதிக்கும் மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் செல்பவர்களே. அதனால்தான் ஆசியான் என்கேப் என்னும் கார்ப் பாதுகாப்பு மதிப்பீட்டுத் திட்டம், 2021 முதல் மோட்டார் சைக்கிளோட்டிகளின் பாதுகாப்புக்குத் தனியாக 20 விழுக்காடு ஒதுக்கியது. ஓட்டுநரின் கண்ணுக்கு மறைவான இடத்தில் மோட்டார் சைக்கிள் வந்தால் எச்சரிக்கும் கருவிக்கும் இதில் புள்ளி உண்டு.

சாலையைக் கடப்பவருக்கு

வேகம் குறைவாக இருக்கும்போது மின்சாரக் காரின் வருகை காதில் விழுவதில்லை. பார்வையற்றோருக்கு இது பெரிய இடர். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 ஜூலை முதல் எல்லாப் புதிய மின்சாரக் கார்களும் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகம் வரை செயற்கை ஒலி எழுப்ப வேண்டும். அதற்கு மேல் டயரின் ஓசையே போதும்.

ஆக, ஒரு கார் பாதுகாப்பானது என்று யாராவது சொன்னால், "யாருக்கு?" என்று கேளுங்கள். எடையைத் தீர்மானிப்பவர் பொறியாளர். வேகத்தைத் தீர்மானிப்பவர் ஓட்டுநர். எடை இரட்டித்தால் இயக்க ஆற்றல் இரு மடங்காகும். வேகம் இரட்டித்தாலோ நான்கு மடங்காகும். சில ஆண்டுகளில் நீங்களும் ஓட்டுநர் உரிமம் எடுப்பீர்கள். அப்போது இந்த நான்கு மடங்கை மறக்காதீர்கள்.

செய்து பாருங்கள்

மேலே கண்ட கணக்கில், பெட்ரோல் காருக்குப் பதிலாக 150 கிலோ மோட்டார் சைக்கிள் (ஓட்டுபவரும் சேர்த்து) அதே வேகத்தில் வந்தால், இரண்டின் வேக மாற்றமும் எவ்வளவு?

விடை: காருக்கு விநாடிக்கு ஏறக்குறைய 1.8 மீட்டர், மோட்டார் சைக்கிளுக்கு ஏறக்குறைய 18.2 மீட்டர்.