தவில் அடிக்கு எத்தனை வாட்?

திருவள்ளூரை அடுத்துள்ள திருப்பாச்சூர், வாசீசுவரர் கோயிலால் பெயர் பெற்ற ஊர். இத்தகைய ஊர்களின் திருவிழாக்களில் இருவகை ஒலிகளைக் கேட்டிருப்பீர்கள். சுவாமி புறப்பாட்டின்போது நேரில் ஒலிக்கும் நாதசுவரமும் தவிலும் ஒன்று; மரத்தில் கட்டிய கூம்பு வடிவ ஒலிபெருக்கியிலிருந்து வரும் அதே இசை மற்றொன்று. இரண்டாவது நெடுந்தூரம் கேட்கும். ஆனால் தவிலின் ஆழ்ந்த 'தொம்' ஒலி அதில் இராது.

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் வேலை செய்யும் திருப்பாச்சூர்க்காரர் ஒருவர், அந்தத் 'தொம்' ஒலியையும் வீட்டில் கேட்க விரும்புகிறார் எனக் கொள்வோம். போனஸ் பணத்துடன் சென்னை ரிச்சித் தெருவுக்குச் செல்கிறார். தரையில் நிற்கும் உயரமான ஒலிபெருக்கிகள் இரண்டும், அவற்றை இயக்க ஓர் ஆம்ப்ளிபயரும் அவருக்குத் தேவை. ஓர் ஆம்ப்ளிபயரில் '5000 வாட் பி.எம்.பி.ஓ.' என்றும், மற்றொன்றில் '50 வாட் ஆர்.எம்.எஸ்.' என்றும் எழுதியிருக்கிறது. எதை வாங்குவது? மாணவர்களே, விடை காண உங்கள் இயற்பியல் பாடமே போதும்.

பெட்டி ஏன் உயரமாக இருக்கிறது?

காந்தப் புலத்தில் உள்ள கம்பிச்சுருளில் மின்னோட்டம் பாய்ந்தால் சுருள் அசையும். சுருளுடன் ஒட்டிய காகிதக் கூம்பும் அசைந்து காற்றைத் தள்ளும். இம்முறையில் இயங்கும் ஒலிபெருக்கியை 1925-இல் அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தைச் சேர்ந்த செஸ்டர் ரைஸ், எட்வர்ட் கெல்லாக் ஆகிய இருவரும் வெளியிட்டனர். இன்றைய ஒலிபெருக்கிகளில் பெரும்பாலானவை இதன் வழிவந்தவையே.

நம் ஊர் வெப்பநிலையில் ஒலி வினாடிக்குச் சுமார் 349 மீட்டர் செல்கிறது. இதை அதிர்வெண்ணால் வகுத்தால் அலைநீளம் கிடைக்கும். 4000 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 9 சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. 40 ஹெர்ட்ஸ் ஒலிக்கோ கிட்டத்தட்ட 9 மீட்டர்! தாழ்ந்த ஒலியை எழுப்ப மிகுந்த காற்றை அசைக்க வேண்டும். மேலும், கூம்பு முன்னே காற்றை அழுத்தும்போது பின்னே காற்று தளர்கிறது. இவ்விரண்டும் கலந்தால் தாழ்ந்த ஒலி அழிந்துவிடும். இதைத் தடுக்கவே பெட்டி. பெட்டியின் கொள்ளளவு கூடினால் தாழ்ந்த ஒலி எளிதாக வரும். அதனால்தான் அதை உயரமாகச் செய்கிறார்கள்.

பெரிய கூம்பான 'வூபர்' தாழ்ந்த ஒலிகளையும், சிறிய 'ட்வீட்டர்' உயர்ந்த ஒலிகளையும் எழுப்பும். இரண்டுக்கும் உரியதைப் பிரித்துக் கொடுக்கும் மின்சுற்றுக்குக் 'கிராஸ்ஓவர்' என்று பெயர். திருவிழாக் கூம்பு ஒலிபெருக்கியோ பேச்சு தெளிவாக எட்டவேண்டும் என்பதற்காகத் தாழ்ந்த அதிர்வெண்களைக் கைவிட்டுவிடுகிறது. தவிலின் ஆழம் அதில் காணாமல் போவது இதனால்தான்.

வாட் கூடினால் சத்தம் கூடுமா?

கூடும்; ஆனால் நீங்கள் நினைக்கும் அளவுக்கு அன்று. ஒலிமட்டத்தை டெசிபெல்லில் அளக்கிறோம். இது மடக்கை அளவு. மின்திறனை இரட்டித்தால் 3 டெசிபெல் மட்டுமே உயரும். பத்து மடங்காக்கினால் 10 டெசிபெல் உயரும். அப்போதுதான் காதுக்குச் சத்தம் ஏறக்குறைய இரு மடங்காகத் தோன்றும்.

ஒலிபெருக்கியின் விவரத் தாளில் 'உணர்திறன்' என்றோர் அளவு இருக்கும். 1 வாட் கொடுத்து 1 மீட்டர் தூரத்தில் கேட்டால் எத்தனை டெசிபெல் என்பதே அது. வீட்டு ஒலிபெருக்கிகளில் பலவற்றுக்கு இது 85 முதல் 93 வரை இருக்கும். கூம்பு ஒலிபெருக்கிக்கு 100-க்கும் மேல்.

கணக்கிட்டுப் பார்ப்போம். நம் நண்பர் 87 டெசிபெல் உணர்திறன் உள்ள ஒலிபெருக்கிகளை வாங்கி, 3 மீட்டர் தள்ளி அமர்கிறார். தூரத்தால் சுமார் 10 டெசிபெல் குறையும். பெட்டிகள் இரண்டாக இருப்பதாலும் சுவர்கள் ஒலியைத் திருப்புவதாலும் தோராயமாக 6 டெசிபெல் கூடும். ஆக, பெட்டிக்கு 1 வாட் கொடுத்தாலே 83 டெசிபெல்! சாதாரண உரையாடல் 60 டெசிபெல் அளவே. நிறைவாக இசை கேட்க 78 டெசிபெல் சராசரி போதும். அதற்கு மூன்றில் ஒரு பங்கு வாட்டே செலவாகும்.

அப்படியானால் 50 வாட் எதற்கு? இங்கேதான் தவில் வருகிறது. தவிலின் ஓர் அடி, அந்த நொடியில் சராசரியைவிட 20 டெசிபெல் உயரே எழலாம். 78 என்பது 98 ஆக வேண்டும். இது 83-ஐவிட 15 டெசிபெல் அதிகம். எனவே பெட்டிக்குச் சுமார் 32 வாட் தேவை. உணர்திறன் 93 ஆக இருந்தால் 8 வாட்டே போதும். ஆகவே ஒலிபெருக்கியைத் தேர்ந்த பிறகே ஆம்ப்ளிபயரைத் தேர வேண்டும்.

குறைந்த வாட்டாலும் கேடு உண்டு

'சிறிய ஆம்ப்ளிபயர் பெரிய ஒலிபெருக்கியை என்ன செய்துவிடும்?' என்று கேட்பார்கள். 10 வாட் ஆம்ப்ளிபயரிடம் 32 வாட் கேட்டால் அலையின் உச்சி வெட்டுண்டு தட்டையாகிவிடும். வெட்டுண்ட அலையில் மூலத்தில் இல்லாத உயர் அதிர்வெண்கள் தோன்றும். அவை ட்வீட்டருக்குச் சென்று, அதன் மெல்லிய சுருளைச் சூடாக்கி எரித்துவிடவும் கூடும். இசை கரகரத்தால் உடனே ஒலியைக் குறைக்க வேண்டும்.

இனி ஓம் விதியைப் பாருங்கள். 8 ஓம் ஒலிபெருக்கிக்கு 20 வோல்ட் கொடுத்தால் 2.5 ஆம்பியர் பாயும். திறன் 50 வாட். ஆனால் ஒலிபெருக்கியின் மின் எதிர்ப்பு அதிர்வெண்ணுக்கு ஏற்ப மாறும். '8 ஓம்' என்று குறித்திருந்தாலும் சில அதிர்வெண்களில் அது 4 ஓம் வரை இறங்கலாம். அப்போது அதே 20 வோல்ட்டில் 5 ஆம்பியர் பாயவேண்டும். இதைத் தாங்காத ஆம்ப்ளிபயர் சூடேறித் திணறும். எனவே 4 ஓமுக்கும் திறன் குறித்துள்ள ஆம்ப்ளிபயரே நல்லது.

5000 வாட்டின் மர்மம்

பி.எம்.பி.ஓ. என்பதற்கு எல்லோரும் ஏற்ற அளவுமுறை கிடையாது. ஆற்றல் அழிவின்மை விதியை நினைவு கூருங்கள். கருவியின் பின்புறம் '230 வோல்ட், 80 வாட்' என்று இருந்தால், மின் இணைப்பிலிருந்து அது எடுப்பதே அவ்வளவுதான். அது தொடர்ந்து 5000 வாட் தர முடியுமா? ஆர்.எம்.எஸ். என்று குறித்த 50 வாட்டே தொடர்ந்து கிடைக்கும் திறனைச் சொல்கிறது. நம் நண்பரின் 32 வாட் தேவைக்கு அது தாராளம்.

அறையும் ஒரு கருவியே

கூடத்தின் நீளம் 12 அடி, அதாவது சுமார் 3.66 மீட்டர் என்போம். ஒலியின் வேகத்தை நீளத்தின் இரு மடங்கால் வகுத்தால் ஏறத்தாழ 48 ஹெர்ட்ஸ். இந்த அதிர்வெண்ணில் இரு சுவர்களுக்கிடையே நிலை அலை உண்டாகும். சுவரோரம் 'தொம்' பெருத்துக் கேட்கும், நடுக்கூடத்தில் மெலிந்துவிடும். மூலையில் பெட்டியை வைத்தால் இக்குறை மிகும். ஆகவே பெட்டிகளை மூலையிலிருந்து நகர்த்தி, இரண்டும் கேட்பவரும் சமபக்க முக்கோணமாக அமையும்படி வையுங்கள்.

கூடத்தில் நின்று ஒருமுறை கைதட்டுங்கள். ஓசை 'கிண்' என்று நீடித்தால், சுவரும் தரையும் ஒலியை மிகுதியாகத் திருப்புகின்றன எனலாம். கனத்த திரை, சமுக்காளம், புத்தக அலமாரி ஆகியவை அதைத் தணிக்கும். புதிய ஆம்ப்ளிபயரைவிட ஒரு சமுக்காளம் மிகுந்த பயன் தருவதும் உண்டு!

காதும் அண்டை வீடும்

தொழிற்சாலைகளுக்கான மாதிரி விதிகளில் 8 மணி நேர வேலைக்கு 90 டெசிபெல் எல்லை; 100 டெசிபெல் என்றால் 2 மணி நேரமே. பகலெல்லாம் இயந்திர இரைச்சலில் இருந்த காதுக்கு மாலையில் ஓய்வு தேவை. நாட்டின் 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபெல் என எல்லை வகுத்துள்ளன. உள்காதின் மயிர்ச் செல்கள் அழிந்தால் மனிதருக்கு அவை மீண்டும் வளர்வதில்லை. ஒலிபெருக்கி கெட்டால் வேறு வாங்கலாம். காதை எந்தக் கடையில் வாங்குவது?

செய்து பாருங்கள்: ஒலிபெருக்கியின் உணர்திறன் 90 டெசிபெல் என்றால், அதே கூடத்தில் அதே தவில் அடிக்கு எத்தனை வாட் தேவை? (விடை: சுமார் 16 வாட்.)