பெண்கள் வார இதழை வீட்டில் வாசிக்கலாமா?

"வீட்டுப் பெண்கள் வாரப் பத்திரிகை வாசிக்கிறார்கள், கண்டித்தும் கேட்பதில்லை. மார்க்கத்தில் இதற்கு என்ன தீர்ப்பு?" என்று நம்மிடம் கேட்கும் சகோதரர்கள் அநேகர். கேட்பவர் பெரும்பாலும் தகப்பனாராகவோ கணவராகவோ இருப்பார். வாசிக்கின்ற பெண்மணி நேரில் வந்து கேட்டதில்லை. இந்தக் கேள்விக்கு ஒரு காலத்தில் நாமும் ஒரே வார்த்தையில் பதில் சொல்லிவிட்டோம். சொல்லிவிட்டு வெட்கப்பட நேர்ந்தது. அதிலிருந்தே பாடத்தைத் தொடங்குவோம்.

மதரஸாவில் ஸனது பெற்று வந்த புதிது. திருத்தணி வட்டாரத்தில் ஒரு பள்ளிவாசலில் ஜும்ஆ பயான் செய்யும் பொறுப்பு நமக்கு வாய்த்தது. மலைமேல் முருகன் கோயிலும் கீழே ரயில் நிலையமுமாக உள்ள இவ்வூர் 1960 வரை ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தில் இருந்து, அவ்வாண்டில் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. பஸ் நிலையத்துக் கடையில் தமிழ்ப் பத்திரிகையும் தெலுங்குப் பத்திரிகையும் ஒரே கயிற்றில் தொங்கும். நம்மவர் வீடுகள் பலவற்றில் பேச்சு உருது, கடைவீதியில் தெலுங்கும் தமிழும், பள்ளிக்கூடத்தில் படித்தது தமிழ். ஆகவே உருது பேசத் தெரிந்து, வாசிக்கத் தெரியாத தாய்மார்களே அதிகம். இதை வாசகர்கள் நினைவில் வைக்க வேண்டும்.

ஒரு வெள்ளிக்கிழமை மிம்பரில் நின்று, "அந்தப் பத்திரிகைகளை வீட்டைவிட்டு வெளியே எறியுங்கள்" என்று முழங்கினோம். சிலர் போய் எறியவும் செய்தார்கள். அடுத்த வாரம் ஒரு சிறுவன் நான்காக மடித்த தாளொன்றை நம் கையில் கொடுத்துவிட்டு ஓடிப்போனான். பெயர் இல்லை. "ஹஜ்ரத் அவர்களுக்கு" என்று தொடங்கிய அக்கடிதத்தின் சாரம் இதுதான்: அவருக்கு மூன்று பிள்ளைகள். ஒவ்வொரு பேறுகாலத்திலும் நாற்பது நாள் முடியும் வரை தொழவில்லை, அப்படித்தான் மாமியார் சொன்னார். வார இதழின் டாக்டர் பக்கத்தில், பேற்றுக்குப் பிந்திய உதிரப்போக்கு ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு நாளில் நிற்கும் என்று வாசித்த பிறகே, "நமக்கு முன்னதாகவே நின்றுவிட்டதே, அந்த நாட்களின் தொழுகை என்னவாயிற்று?" என்ற ஐயம் அவருக்கு எழுந்தது. டாக்டரிடம் அதைக் கேட்க முடியாது. கணவரிடம் கேட்கக் கூச்சம். அலமாரியில் 'பிஹிஷ்தி ஜேவர்' இருக்கிறது, ஆனால் உருது எழுத்து தெரியாது. இப்போது அந்தப் பத்திரிகையும் வீட்டில் இல்லை.

தொழுகையைப் பற்றிய கவலை ஒரு பெண்ணுக்கு எங்கிருந்து வந்தது என்று பாருங்கள்! நம் பயானிலிருந்து வரவில்லை. நாம் எறியச் சொன்ன தாளிலிருந்து வந்தது. அன்றிரவு நமக்கு உறக்கம் வரவில்லை.

முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுவோம், ஏனெனில் இந்தத் தவறு பல வீடுகளில் நடக்கிறது. ஹனஃபி மத்ஹபில் நிஃபாஸ், அதாவது பிள்ளைப்பேற்றுத் தொடக்கு, அதிகபட்சம் நாற்பது நாள். ஷாஃபிஈ மத்ஹபில் அறுபது நாள். இது மேல் எல்லையே தவிர, எல்லோரும் காத்திருக்க வேண்டிய கணக்கன்று. உதிரம் பதினைந்தாம் நாள் முற்றிலும் நின்றுவிட்டால் அன்றே குளித்துத் தொழ வேண்டும். நாற்பது நாளுக்குள் மீண்டும் கண்டால் மறுபடி நிறுத்திக்கொள்ள வேண்டும். தொடக்குடைய நாட்களின் தொழுகைக்குக் களா இல்லை, நோன்புக்கு உண்டு. ஆனால் சுத்தமான பிறகு தொழாமல் விட்டவை கடனாக நிற்கின்றன, அவற்றை நிறைவேற்றியே ஆகவேண்டும்.

இப்போது பத்திரிகைக்கு வருவோம். பெண்களுக்கென வார இதழ் நடத்துவது அந்நியர் கொண்டுவந்த பழக்கம் என்று எண்ணுவாரும் உண்டு. லாகூரில் 1898 ஜூலையில் 'தஹ்ஸீபெ நிஸ்வான்' என்ற உருது வார இதழ் தொடங்கிற்று. அதைத் தொடங்கியவர் தேவ்பந்தில் ஓதிய மௌலவி ஸையித் மும்தாஜ் அலி. ஆசிரியராக இருந்தவர் அவருடைய துணைவி முஹம்மதி பேகம், அப்போது வயது இருபது. வீட்டு நிர்வாகம், சமையல், பிள்ளை வளர்ப்பு, கல்யாணங்களில் நடக்கும் வீண் செலவு, வாசகிகளின் கடிதங்கள் எல்லாம் அதில் வந்தன. தம் பெயரை வெளியிட விரும்பாத பெண்கள், இன்னாரின் மகள், இன்னாரின் மனைவி என்று கையெழுத்திட்டு எழுதினார்கள்.

வரவேற்பு எப்படியிருந்தது? கனவான்களின் விலாசங்களுக்கு அனுப்பிய பிரதிகள் சில, உறைமேல் வசைமொழி எழுதப்பட்டுத் திரும்பி வந்தன. மௌலவி அவர்கள் பெண்களின் உரிமைகளைப் பற்றித் தாம் எழுதிய 'ஹுகூகெ நிஸ்வான்' நூலின் கையெழுத்துப் படியை ஸர் ஸையித் அஹ்மத் கானிடம் காட்டியபோது, கல்விக்காக வாழ்ந்த அப்பெரியாரே அதைக் கிழித்துக் குப்பைக் கூடையில் போட்டாராம். அதைப் பொறுக்கியெடுத்து ஒட்டி, ஸர் ஸையித் மறைந்த பின் 1898ல்தான் அச்சேற்றினார். முஹம்மதி பேகம் 1908ல் முப்பது வயதில் காலமானார். இதழோ சுமார் அரை நூற்றாண்டு நடந்தது. (மிம்பரில் முழங்கிய நாளில் இவை எதுவும் நமக்குத் தெரியாது.)

மௌலானா அஷ்ரஃப் அலி தானவி (ரஹ்) அவர்களின் வழி வேறு. நாவல்கள் வாசிப்பதை அவர்கள் விரும்பவில்லை. ஆயினும் 'வாசிக்காதே' என்பதோடு அவர்கள் நின்றுவிடவில்லை. பெண்களுக்காகவே எளிய உருதுவில் 'பிஹிஷ்தி ஜேவர்' எழுதினார்கள். மஸ்அலாக்களோடு கடிதம் எழுதும் முறையும் வைத்தியமும் சோப்புக் காய்ச்சும் விதமும்கூட அதில் உண்டு. ஒன்றைக் கையிலிருந்து எடுப்பவர் வேறொன்றைக் கையில் கொடுக்க வேண்டும் என்று அப்பெரியவர் அறிந்திருந்தார்கள். நாமோ எடுக்கச் சொன்னோமே தவிர, எதையும் கொடுக்கவில்லை.

ஸஹாபிப் பெண்மணிகள் வெட்கத்தை முன்னிட்டுக் கேள்வியை விழுங்கியவர்களல்லர். அன்ஸாரிப் பெண்களை அவர்களின் நாணம் மார்க்க விளக்கம் பெறுவதிலிருந்து தடுக்கவில்லை என்று அன்னை ஆயிஷா (ரலி) புகழ்ந்ததை இமாம் முஸ்லிம் பதிவு செய்துள்ளார்கள். விடாத உதிரப்போக்கைப் பற்றி ஃபாத்திமா பின்த் அபீ ஹுபைஷ் (ரலி) நேராகவே நபி (ஸல்) அவர்களிடம் கேட்டார்கள். ஆண்கள் உங்களைச் சூழ்ந்துகொள்கிறார்கள், எங்களுக்கென ஒரு நாள் ஒதுக்குங்கள் என்று பெண்கள் வேண்டியபோது, பெருமானார் (ஸல்) நாள் குறித்துச் சென்று போதித்ததாக ஸஹீஹ் புகாரியில் காண்கிறோம். அந்த நாளை நம் மஹல்லாவில் யார் ஒதுக்கினார்? ஒதுக்காத வெற்றிடத்தில்தான் வார இதழ் வந்து உட்கார்ந்தது.

அப்படியானால் எல்லாப் பக்கமும் ஆகுமா? ஆகாது. ராசிபலன் பக்கத்தை முதலில் சொல்லுவோம். "சும்மா விளையாட்டுக்குப் பார்க்கிறோம்" என்பார்கள். குறி சொல்பவனிடம் சென்று கேட்பவரின் தொழுகை நாற்பது இரவுகள் ஏற்கப்படாது என்ற எச்சரிக்கை ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது. நம்பினாலோ நிலைமை அதைவிட மோசம். குறிகாரனைத் தேடிப் போகவேண்டிய சிரமமும் இல்லாமல், அவனே வாராவாரம் வீட்டுக்குள் வருகிறான்! நமக்குத் தெரிந்த ஒரு மூதாட்டி இதழ் வந்ததும் அந்தத் தாளைக் கிழித்து அடுப்பில் போட்டுவிட்டுத்தான் மற்றதை மருமகளிடம் கொடுப்பார். அது சரியான முறை.

ஆடிக்கிருத்திகைக்குக் காவடிகள் நம் தெருவழியே போகும் ஊர் இது. அண்டை வீட்டார் என்ன சமைக்கிறார்கள், எப்படிக் கொண்டாடுகிறார்கள் என்று சிறப்பிதழில் அறிவதால் ஈமான் போய்விடாது. பரிகாரமும் நேர்த்தியும் சொல்லும் பத்தி நமக்குரியதன்று, அவ்வளவே. நடிகைகளின் குடும்பச் செய்தி புறம் பேசுதல்தான், எழுத்தில் இருப்பதால் அது ஹலாலாகாது. அழகுக் குறிப்பில் கணவருக்காக அலங்கரிப்பது நன்மை, புருவம் பறிப்பதை ஹதீஸ் தடுக்கிறது. தொடர்கதையைப் பற்றி நீளச் சொல்ல ஒன்றுமில்லை. பாங்கு சொன்ன பிறகும் மூட முடியாத கதை எதுவாயினும் மூட வேண்டிய கதையே. சமையல், தையல், பிள்ளை நலம், சட்ட ஆலோசனை ஆகியவை தாராளமாக வாசிக்கத் தக்கவை. டாக்டர் பக்கத்தை மட்டும் கணவன்மாரும் சேர்ந்து வாசித்தால் நல்லது.

இன்று தாளுக்குப் பதில் கைபேசி வந்துவிட்டது. அதே பக்கங்கள்தாம், கிழித்து அடுப்பில் போட முடியாது என்பதே வேறுபாடு.

அந்தச் சகோதரிக்கு நாம் எழுதிய பதிலையும் சொல்லிவிடுகிறோம். உதிரம் நின்ற நாட்களாக அவர் குறித்திருந்தவை பதினெட்டு, இருபது, பதினைந்து. சரியாக நினைவில்லாதவர் மனம் பெரிதும் சாயும் கணக்கை எடுத்துக்கொள்ளலாம். விடுபட்டவை இருபத்திரண்டு, இருபது, இருபத்தைந்து, ஆக 67 நாட்கள். நாளொன்றுக்கு ஃபர்ளு ஐந்தும், ஹனஃபி மத்ஹபில் வாஜிபான வித்ரும் சேர்த்து 402 தொழுகைகள். ஒவ்வொரு வக்துத் தொழுகையோடும் ஒன்று களாவாகத் தொழுது, இஷாவில் வித்ரையும் சேர்த்துக்கொண்டால் 67 நாளில் முடிந்துவிடும் என்று எழுதி, அதே சிறுவனிடம் கொடுத்தனுப்பினோம். மூன்று மாதத்துக்குள் மறுபடி ஒரு தாள் வந்தது. முடித்துவிட்டதாக ஒரு வரி. அதன் கீழே, பக்கத்து வீட்டுப் பெண்ணின் கேள்வி.