நாட்பட்ட நோவு

செஞ்சிக்கு வடக்கே அண்மையில் உள்ளது சிங்கவரம் என்னும் சிற்றூர். அங்குள்ள குன்றில், பல்லவர் காலத்தில் பாறையைக் குடைந்து அமைத்த அரங்கநாதர் கோயில் விளங்குகின்றது. அக்குன்றின் படிகள் இளைஞர்க்கு எளியவை. முழங்கால் நோவுடைய முதியோர்க்கோ ஒவ்வொரு படியும் ஒரு மலையாகும். அவ்வட்டாரத்தில் நெல்லும் மணிலாவும் விளையும் வயல்களில், பல்லாண்டுகள் குனிந்து நட்டும் களை பறித்தும் உழைத்தவர் பலர்க்கு இடுப்பு நோவு நீங்காத துணையாகி விடுகின்றது. "புண்ணும் இல்லை, வீக்கமும் இல்லை, இது வெறும் பாசாங்கு" என்று பிறர் கூறும் சொல், அந்நோவினும் கொடியதாய் அவர்களை வருத்துகின்றது.

நோவு இருவகைப்படும். முள் தைத்தவுடன் தோன்றுவது ஒன்று. அது காலை விரைந்து இழுத்துக்கொள்ளச் செய்து நம்மைக் காக்கின்றது. புண் ஆறியதும் தானும் அகல்கின்றது. மூன்று திங்களுக்கு மேலாகத் தொடர்ந்தோ, விட்டுவிட்டோ வருத்துவது மற்றொன்று. இதனையே மருத்துவர் நாட்பட்ட நோவு என்பர். மூட்டுத் தேய்வு முதலிய காரணங்களால் இது வருவதுண்டு. சிலர்க்கோ, புண் ஆறிய பின்னரும் நோவு ஆறுவதில்லை. அஃது ஏன்?

செஞ்சிக் கோட்டையின் மதில்மேல் நிற்கும் காவலன் ஒருவனை எண்ணிப் பாருங்கள். பகைவரைக் கண்டதும் கொம்பூதி எச்சரித்தல் அவன் கடமை. நெடுநாள் முற்றுகையால் அஞ்சிய காவலன், பகைவர் அகன்ற பின்னரும் இலை அசைந்தாலே கொம்பூதுவான் அல்லனோ? நம் நரம்புகளும் மூளையும் அத்தகையனவே. நெடுநாள் நோவுற்றால் அவை கூருணர்வு கொண்டு, சிறு தீண்டலையும் பெருந்துன்பமாக உணர்த்துகின்றன. அச்சமும் கவலையும் உறக்கமின்மையும் அவ்வுணர்வை மேலும் மிகுவிக்கின்றன. காவலன் அஞ்சியது வீணாயினும், கொம்பொலி பொய்யன்று. நோவும் அவ்வாறே மெய்யானது.

இவ்வுண்மையைத் தெளிவிக்கும் ஆய்வொன்றைச் செய்தவர் தமிழ்நாட்டில் 1951-ஆம் ஆண்டு பிறந்த வி. எஸ். இராமச்சந்திரன் என்னும் அறிஞர். இவர் சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பயின்றவர். கையை இழந்தவர் சிலர்க்கு, இல்லாத அக்கையே இறுக மூடியதுபோல் நோவெடுப்பதுண்டு. 1990-களில் அவர், அத்தகையோர் முன் கண்ணாடி ஒன்றை நிறுத்தினார். உள்ள கையின் நிழல் அதில் இழந்த கைபோல் தோன்றிற்று. உள்ள கையை விரித்தபோது, இழந்த கையும் விரிந்ததாகச் சிலர் உணர்ந்தனர். அவர்தம் நோவும் தணிந்தது. நோவுணர்வை ஆக்குவதிலும் தணிப்பதிலும் மூளைக்குப் பெரும்பங்கு உண்டு என்பதை இது காட்டிற்று.

மருத்துவத்தின் கூறுகள் நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிருந்து பேணுவோர் என நான்கு என்று வகுத்தார் வள்ளுவர். நாட்பட்ட நோவிலும் இந்நான்கும் வேண்டும். நோயாளி நாள் முழுதும் படுத்திருத்தல் தசைகளைத் தளர்த்தும். நோவு குறைந்த நாளில் எல்லா வேலையையும் ஒருங்கே செய்தலும் தீது. அளவாக நடந்து, இடையிடையே இளைப்பாறி, நாடோறும் சிறிது சிறிதாக உழைப்பைக் கூட்டுதலே நன்று. நோவு மாத்திரைகளைத் தாமே வாங்கி நெடுநாள் உண்பது இரைப்பைக்கும் சிறுநீரகத்திற்கும் கேடாகலாம். கால் திடீரெனச் செயலிழந்தாலும், சிறுநீர் கட்டுப்பாடின்றிப் பிரிந்தாலும், காய்ச்சலோ உடல்மெலிவோ உடன்தோன்றினாலும், உடனே மருத்துவரை நாடல் வேண்டும். இல்லம் தேடிச் சென்று இயன்முறைப் பயிற்சி அளிப்பதும், 2021-ஆம் ஆண்டு தமிழக அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் பணிகளுள் ஒன்றாகும்.

நான்காம் கூறாகிய பேணுதல் மாணவர்க்கும் உரியது. பாட்டியார் எழுந்து நடக்கும்போது கைகொடுத்தலும், தண்ணீர்க்குடத்தைத் தாம் சுமத்தலும் எளிய செயல்களே. அவற்றினும் எளியது, அவர் "நோகிறது" என்று சொல்லும்போது அதனை நம்புதல். அந்நம்பிக்கை நோவை முற்றும் போக்காதெனினும், நோவுடையாரின் தனிமையைப் போக்கும்.