இரண்டு நாளைக்குத்தான் சென்னையா? மயிலாப்பூரில் இறங்குங்கள்

கல்யாணத்துக்கோ விசா நேர்காணலுக்கோ பிள்ளையை விமானம் ஏற்றிவிடவோ சென்னைக்கு வருகிறவர்களுக்கு இரண்டு நாள் கையில் மிஞ்சும். எங்கே போகலாம் என்று கேட்டால் உறவினர்கள் எல்லோரும் ஒரே பட்டியலைச் சொல்வார்கள்: மெரினா, வண்டலூர், மகாபலிபுரம், ஏதாவது ஒரு பெரிய மால். அதன்படி கிளம்பினால் பார்க்கிற நேரத்தைவிடக் காருக்குள் உட்கார்ந்திருக்கிற நேரம்தான் அதிகம். மகாபலிபுரத்துக்குத் தனியாக ஒரு நாள் ஒதுக்கி இன்னொரு முறை வாருங்கள். இந்த இரண்டு நாளையும் தென் சென்னைக்குக் கொடுங்கள் என்பதுதான் என் யோசனை.

ஜெர்மனியில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகள் வார இறுதியில் ஊர் பார்க்கும் முறையைக் கவனித்திருப்பீர்கள். கொலோன் நகர ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்தாலே 157 மீட்டர் உயரத் தேவாலயம் முன்னால் நிற்கும். 1248இல் தொடங்கி 1880இல் முடிந்த கட்டடம் அது. அங்கிருந்து பழைய கடைவீதியும் ரைன் நதிக்கரையும் நடக்கிற தூரம்தான். அவர்கள் வண்டி பிடித்து ஊர் முழுக்கச் சுற்றுவதில்லை. ஒரு பேட்டையைப் பிடித்துக்கொண்டு, காலால் நடந்து, அரை நாளை அங்கேயே செலவழிக்கிறார்கள். சென்னையில் அதெல்லாம் நடக்காது என்பார்கள். தாராளமாக நடக்கும். பறக்கும் ரயிலில் திருமயிலை நிலையத்தில் இறங்குங்கள். சில நிமிட நடையில் கபாலீசுவரர் கோயில் மாட வீதிக்கு வந்துவிடலாம்.

சென்னையில் பயணத் திட்டத்தைத் தீர்மானிப்பது தூரமல்ல, நேரம். கோயில் நடை மதியம் பன்னிரண்டு, பன்னிரண்டரைக்குச் சாத்தினால் நாலு மணிக்குத்தான் திறக்கும். பதினொரு மணிக்கு மேல் வெயிலில் நடக்க முடியாது. துணிக்கடைகள் பத்து மணிக்குத்தான் சுறுசுறுப்பாகும். ஆகவே விடியற்காலை கோயில் அல்லது கடல், முற்பகல் கடை அல்லது தோட்டம், மதியம் ஓய்வு, மாலை மறுபடியும் கோயில் என்று நாளை அமைத்துக்கொள்ளுங்கள். மதியம் இரண்டு மணி நேரம் படுத்து எழுந்தால் மாலை உங்கள் கையில் இருக்கும். அதை வீண் நேரமாக நினைக்காதீர்கள்.

மயிலாப்பூருக்குக் காலை ஆறு, ஆறரைக்கே வந்துவிடுங்கள். அந்நேரத்தில் மாட வீதிகளில் கோலம் ஈரம் காயாமல் இருக்கும். பூக்கடைக்காரர்கள் கூடையை இறக்கிக்கொண்டிருப்பார்கள். நேராகச் சன்னதிக்குள் ஓடாமல் முதலில் நான்கு மாட வீதிகளையும் குளத்தையும் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு உள்ளே போங்கள். கிழக்கு ராஜகோபுரம் ஏறக்குறைய 37 மீட்டர் உயரம், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுப்பப்பட்டது. கோயிலோ அதைவிடப் பழையது. ஆதிக் கோயில் கடற்கரையில் இருந்தது, போர்ச்சுகீசியர் காலத்தில் அது அழிந்தபின் இப்போதிருக்கும் இடத்தில் எழுந்தது என்பது வரலாறு. உள்ளே புன்னை மரத்தடிச் சன்னதியில் அம்பாள் மயிலாகச் சிவனைப் பூசிக்கும் சிற்பத்தைப் பாருங்கள். மயிலை என்ற பெயர் அந்தக் கதையோடு சேர்ந்தது. மேற்கே உள்ள தெப்பக்குளத்துக்கு நிலம் ஆற்காடு நவாப் தந்தது என்பார்கள். மொகரத்தில் முஸ்லிம்கள் அந்தக் குளத்தில் இறங்கும் வழக்கமும் உண்டு. கூட வரும் பிள்ளைகளுக்கு இதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

சிற்றுண்டி மாட வீதியைச் சுற்றித்தான். அருண்டேல் தெரு ராயர் மெஸ்ஸில் இட்லியும் பொங்கலும் வேண்டுமென்றால் சீக்கிரம் போய் வரிசையில் நில்லுங்கள். சின்ன இடம்தான், தாமதித்தால் தீர்ந்துவிடும். கற்பகாம்பாள் மெஸ்ஸில் அடை அவியல். வெயில் ஏறியதும் காளத்தி கடை ரோஸ் மில்க். ஊர் திரும்பும்போது என்ன வாங்கிப் போவது என்று யோசிப்பவர்களுக்குப் பூஜைச் சாமான், பரதநாட்டிய நகை, பித்தளை விளக்கு, சங்கீதப் புத்தகம் எல்லாம் இந்த நான்கு வீதிகளுக்குள்ளேயே கிடைக்கும். பெரிய கடைகளில் கிடைக்காத சின்னச் சின்னப் பொருள்களைத் தேடுவதற்கு இதைவிட நல்ல இடம் நகரத்தில் இல்லை.

கோயிலிலிருந்து லஸ் பக்கம் நடந்தால் காட்டுக் கோயில் என்று மக்கள் அழைக்கும் பிரகாச மாதா ஆலயம் வரும். அதன் ஆண்டு 1516. நகரத்தின் மிகப் பழைய தேவாலயங்களில் ஒன்று. கடலில் திசை தெரியாமல் தவித்த போர்ச்சுகீசிய மாலுமிகளுக்கு ஓர் ஒளி கரை காட்டியது, அது மறைந்த இடத்தில் ஆலயம் கட்டினார்கள் என்பது அதன் கதை. உள்ளே அமைதியாக உட்கார்ந்துவிட்டு, அருகிலிருக்கும் நாகேஸ்வரராவ் பூங்காவில் நிழலில் இளைப்பாறுங்கள். அம்ருதாஞ்சன் நிறுவனர் காசிநாதுனி நாகேஸ்வரராவ் பெயரைத் தாங்கிய பூங்கா அது. வயதானவர்களோடு வருகிறவர்கள் பூங்காவை விட்டுவிடாதீர்கள், அவர்களுக்கு அங்கே ஒரு மணி நேரம் தேவைப்படும்.

மாலையில் சாந்தோம் பேராலயம். போர்ச்சுகீசியர் 1523இல் கட்டிய ஆலயம் இருந்த இடத்தில், இப்போதைய வெள்ளைக் கட்டடம் 1896இல் கோதிக் பாணியில் முடிந்தது. இயேசுவின் சீடர் தோமாவின் கல்லறை இங்கே என்பது கிறிஸ்தவர்களின் நம்பிக்கை. போப் இரண்டாம் ஜான் பால் 1986இல் இங்கு வந்து வழிபட்டார். கல்லறைக்குச் செல்லும் கீழ்த்தளத்துக்குத் தனி வழி உண்டு. நேரமிருந்தால் கடற்கரைச் சாலையில் வடக்கே கொஞ்சம் போய் விவேகானந்தர் இல்லத்தையும் பார்க்கலாம். அமெரிக்காவின் பாஸ்டனிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிக்க 1842இல் கட்டிய ஐஸ் ஹவுஸ்தான் அது. 1897 பிப்ரவரியில் சுவாமி விவேகானந்தர் அங்கே தங்கினார்.

இரண்டாம் நாள் அடையாறு. சூரியன் உதிக்கும் முன் பெசன்ட் நகர் எலியட்ஸ் கடற்கரைக்குப் போய்விடுங்கள். மாலையில் சூரியன் கடலில் இறங்குவதைப் பார்க்கலாம் என்று நம்பி வருகிற வெளியூர்க்காரர்களைப் பார்த்திருக்கிறேன். நம் கடல் கிழக்கே இருக்கிறது. உதயம்தான் இங்கே காட்சி. மே, ஜூனில் ஐந்தே முக்காலுக்கே சூரியன் வந்துவிடும், ஜனவரி கடைசியில் ஆறரைக்கு மேல் ஆகும். மாலையில்தான் வர முடியும் என்றால் பௌர்ணமி நாளாகப் பார்த்து வாருங்கள், நிலா கடலிலிருந்து எழும். மணலில் நிற்கும் வெள்ளை வளைவு, நீரில் மூழ்கியவர்களைக் காப்பாற்றப் போய் உயிர்விட்ட டேனிஷ் மாலுமி கார்ல் ஷ்மிட்டின் நினைவுச் சின்னம், 1930இல் கட்டப்பட்டது. கடலில் இறங்கிக் குளிக்க வேண்டாம் என்பதற்கு அந்தச் சின்னமே போதிய எச்சரிக்கை. கரையோரமாகவே அஷ்டலட்சுமி கோயிலும் வேளாங்கண்ணி மாதா கோயிலும் உண்டு.

அங்கிருந்து தியசாபிகல் சொசைட்டி. 1882இல் அதன் தலைமையகம் அடையாற்றுக்கு வந்தது. ஆற்று முகத்துவாரத்தை ஒட்டி ஏறக்குறைய 260 ஏக்கர் மரங்கள், நடுவே பல மதங்களின் வழிபாட்டுத் தலங்கள். நூற்றாண்டுகள் கண்ட ஆலமரம் இங்கேதான். அதன் தாய்த்தண்டு 1989 புயலில் சாய்ந்துவிட்டது. விழுதுகள் பிடித்துக்கொண்டதால் மரம் இன்றும் உயிரோடு பரந்து நிற்கிறது. ஜே. கிருஷ்ணமூர்த்தியை 1909இல் சிறுவனாக, சொசைட்டியைச் சேர்ந்த லெட்பீட்டர் கண்டது இந்தக் கரையில்தான். பார்வையாளர்களைக் காலையில் சிறிது நேரமும் பிற்பகலில் சிறிது நேரமும்தான் விடுவார்கள், ஞாயிறு கிடையாது. போவதற்கு முன் போனில் விசாரித்துக்கொள்ளுங்கள். உள்ளே சத்தம் போடாமல் நடங்கள். பறவைகளுக்கும் அது வீடு.

நடனத்திலும் நெசவிலும் ஈடுபாடு உள்ளவர்கள் அடுத்து திருவான்மியூர் கலாக்ஷேத்ராவைத் தேர்ந்தெடுங்கள். ருக்மிணி தேவி 1936இல் தொடங்கிய நிறுவனம். மரத்தடி வகுப்புகளையும் தறிக்கூடத்தையும் பார்க்க வார நாளில்தான் வர வேண்டும். குழந்தைகளோடு வருகிறவர்களுக்குக் கிண்டி நல்லது. நகரத்துக்கு நடுவே 2.7 சதுர கிலோமீட்டரில் புள்ளிமானும் வெளிமானும் திரியும் தேசியப் பூங்கா வேறெந்த ஊரில் கிடைக்கும்? அதை ஒட்டிய சிறுவர் பூங்காவும் பாம்புப் பண்ணையும் செவ்வாய்க்கிழமை மூடியிருக்கும். கலாக்ஷேத்ரா, கிண்டி இரண்டையும் ஒரே நாளில் திணிக்காமல் ஒன்றைத் தேர்ந்தெடுத்து நிதானமாகப் பாருங்கள்.

தி.நகரைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். பட்டுப்புடவை வாங்குவதானால் போங்கள், வேடிக்கை பார்க்க மட்டும் என்றால் சனி, ஞாயிறு மாலையில் வேண்டவே வேண்டாம். ஜெர்மனியில் ஞாயிற்றுக்கிழமை கடைகள் அடைத்துவிடுவார்கள். நம் தி.நகரில் அன்றைக்குத்தான் கால் வைக்க இடம் இருக்காது. வார நாளில், கடை திறக்கும் நேரத்துக்கே போய், மதியத்துக்குள் முடித்துவிடுங்கள். 1928இல் தொடங்கிய நல்லியும் மற்றப் பட்டுக்கடைகளும் பனகல் பூங்காவைச் சுற்றியே இருக்கின்றன. பாண்டி பஜாரில் 2019இல் அமைத்த அகல நடைபாதையில் இப்போது கைவீசி நடக்கலாம். துணி எடுத்த அசதியோடு திரும்பும் முன் திருமலைப் பிள்ளை சாலையில் காமராஜர் வாழ்ந்த வீட்டை ஐந்து நிமிடமாவது பாருங்கள். ஒன்பது ஆண்டுகள் முதலமைச்சராக இருந்தவர் வாடகைக்குக் குடியிருந்து 1975 அக்டோபர் 2 அன்று கண்மூடிய வீடு அது. தி.நகரில் எனக்கு மிகவும் மதிப்புக்குரிய இடம் அதுதான்.

எந்த மாதம் வருவது? இந்தக் கேள்விக்குத் திருஞானசம்பந்தரின் பூம்பாவைப் பதிகத்தைத்தான் காட்டுவேன். ஓணம், கார்த்திகை விளக்கு, திருவாதிரை, தைப்பூசம், பங்குனி உத்திரம் என்று மயிலாப்பூரின் விழாக்களை ஒவ்வொன்றாகச் சொல்லி, இவற்றையெல்லாம் பார்க்காமல் போய்விடுவாயா என்று பூம்பாவை என்ற பெண்ணைக் கேட்கும் பதிகம். ஊர் பார்க்க வருகிறவருக்கு ஏழாம் நூற்றாண்டிலேயே எழுதிய நாட்காட்டி அது. முடிந்தால் பங்குனிப் பெருவிழாவுக்கு வாருங்கள். ஏழாம் நாள் தேர், எட்டாம் நாள் அறுபத்து மூவர். நாயன்மார்கள் பல்லக்குகளில் மாட வீதிகளைச் சுற்றி வருவார்கள், வீட்டுக்கு வீடு நீர்மோரும் பானகமும் கொடுப்பார்கள். கூட்டம் கடுமையாக இருக்கும், கைக்குழந்தையோடு அன்று வர வேண்டாம். நவராத்திரிக்குச் சற்று முன் வந்தால் வடக்கு மாட வீதி முழுக்கக் கொலு பொம்மைக் கடைகள். மார்கழியில் வந்தால் விடியலில் பாபநாசம் சிவன் வழக்கமாக்கிய மாட வீதி பஜனை, பகல் முழுக்கச் சபாக்களில் கச்சேரி. மதியக் கச்சேரிகள் பலவற்றுக்கு டிக்கெட் வேண்டியதில்லை. சபா கேன்டீனில் யாரும் போய்ச் சாப்பிடலாம். அக்டோபர் நடுவிலிருந்து டிசம்பர் தொடக்கம்வரை மழை எப்போது கொட்டும் என்று சொல்ல முடியாது. மே மாதம் வருகிறவர்கள் காலை ஏழு மணிக்குள் நடையை முடித்துவிட வேண்டும்.

மயிலாப்பூரிலிருந்து அடையாற்றுக்குப் பறக்கும் ரயில் போதும். கஸ்தூர்பா நகரிலோ இந்திரா நகரிலோ இறங்கினால் மீதி ஆட்டோதான். சாதாரணக் கட்டண மாநகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. லஸ், மந்தைவெளி, பனகல் பூங்கா பக்கம் மெட்ரோ வேலை நடப்பதால் சாலைகளைத் திருப்பிவிட்டிருப்பார்கள். நடக்கிறவர்களுக்கு அது பெரிய இடைஞ்சல் இல்லை, காரில் வருகிறவர்களுக்குத்தான் கஷ்டம். கழற்றி மாட்ட வசதியான செருப்பும் தண்ணீர்ப் பாட்டிலும் கையில் இருக்கட்டும்.

சனி, ஞாயிறுதான் முடியும் என்றால் வரிசையை மாற்றிக்கொள்ளுங்கள். சனிக்கிழமை அடையாறு, ஞாயிறு மயிலாப்பூர், தி.நகர் வேண்டாம். வார நாளில் வருகிறவர்கள் தி.நகரைக் கடைசியாக வைத்துக்கொள்வது நல்லது. பேருந்து நிலையத்திலிருந்து மாம்பலம் ரயில் நிலையத்துக்கு 2023இல் திறந்த ஆகாய நடைபாதை போகிறது, பையோடு ரங்கநாதன் தெரு நெரிசலில் சிக்க வேண்டியதில்லை. மாம்பலத்திலிருந்து எழும்பூருக்கும் தாம்பரத்துக்கும் ஒரே பாதையில் மின்சார ரயில் உண்டு. உங்கள் ரயில் இரண்டில் எங்கிருந்து கிளம்புகிறது என்பதை மட்டும் டிக்கெட்டில் முன்கூட்டியே பார்த்துவிடுங்கள். இரண்டும் எதிரெதிர் திசை.