பின்னால் இருக்கும் ஸ்பீக்கர் ஏன் பேசவில்லை?

புது ரிசீவர் வாங்கி, ஹாலைச் சுற்றி வயர் இழுத்து, கூரையில் இரண்டு ஸ்பீக்கரும் பதித்துவிட்டு ஓடிடியில் படத்தைப் போட்டால், சத்தம் முழுக்க டிவி பக்கமிருந்தே வருகிறது. இந்தக் குறையோடு என்னைக் கூப்பிடுகிறவர்கள் வீட்டுக்குப் போய்ப் பார்த்தால், பெரும்பாலும் கருவியில் பழுதே இருக்காது. படத்தின் ஒலி அந்தக் கருவிவரை வந்து சேர்ந்திருக்காது. நடுவழியில் அதைத் தொலைக்க வைக்கிற சில நம்பிக்கைகளைப் பார்ப்போம்.

நம்பிக்கை: படத்தின் பெயருக்குக் கீழே ‘அட்மாஸ்’ என்று இருந்தால் நமக்கும் அட்மாஸ்தான் வருகிறது.

தலைக்கு மேலிருந்தும் சுற்றிலுமிருந்தும் ஒலி வரவைக்கும் அட்மாஸ் ஒலித்தடம் படத்துக்கு உண்டு, நம் டிவியால் அதை வாங்கிக்கொள்ள முடியும். அந்த எழுத்து சொல்வது இவ்வளவுதான். டிவியிலிருந்து ரிசீவருக்கு என்ன போகிறது என்பதை ரிசீவரின் முகப்பில் இருக்கும் சின்னத் திரையில்தான் பார்க்க வேண்டும். அங்கே ‘டால்பி அட்மாஸ்’ என்று வந்தால் சரி. ‘பிசிஎம்’ என்றோ ‘ஸ்டீரியோ’ என்றோ வந்தால் இரண்டு சேனல்தான் வருகிறது. ‘டால்பி சரவுண்ட்’ என்று வந்தால் பலரும் ஏமாந்துபோகிறார்கள். குறைந்த சேனலில் வரும் ஒலியை ரிசீவர் தானே எல்லா ஸ்பீக்கருக்கும் பரப்பித் தருவதற்கு அந்தப் பெயர். சந்தாவையும் பார்த்துக்கொள்ளுங்கள், நெட்பிளிக்ஸில் பிரீமியம் இருந்தால்தான் அட்மாஸ்.

நம்பிக்கை: ஆப்டிகல் கேபிளில் ஒளியாகப் போவதால் அதுதான் உயர்ந்தது.

போன தீபாவளிக்குப் பெரியப்பா வீட்டில் இதைத்தான் பார்த்தேன். ரிசீவர் திரையில் ‘பிசிஎம்’. பின்பக்க ஸ்பீக்கரில் காதை ஒட்டி வைத்தேன், ஒரு இரைச்சல்கூட இல்லை. டிவிக்குப் பின்னால் கையை விட்டு வயரை உருவினால், நுனியில் குண்டுமணி அளவுக்குச் சிவப்பு வெளிச்சம். “ஏம்ப்பா, கடைக்காரர் இதுதான் நல்ல வயர்னு சொன்னாரே” என்றார் பெரியப்பா. நல்ல வயர்தான், ஆனால் 1983-இல் தோஷிபா கொண்டுவந்த இணைப்பு. ஸ்டீரியோவும் பழைய டால்பி டிஜிட்டல் 5.1-உம் அதில் போகும். ஓடிடி நிறுவனங்கள் அட்மாஸை அனுப்புவது டால்பி டிஜிட்டல் பிளஸ் என்ற வடிவத்தில். அது ஆப்டிகலில் போகவே போகாது.

சாதாரண எச்டிஎம்ஐ கேபிள் ஒன்றை எடுத்து, டிவியில் ‘ஏஆர்சி’ என்று எழுதியிருந்த துளையில் செருகினேன். டிவியில் பல எச்டிஎம்ஐ துளைகள் இருக்கும். அந்த ஒன்றில் மட்டும்தான் ஒலி வெளியே வரும். பிறகு டிவியின் சவுண்ட் செட்டிங்ஸில் ‘பிசிஎம்’ என்றிருந்ததை ‘பாஸ்-த்ரூ’ என்று மாற்றினேன். சில டிவிகளில் அதற்கு ‘ஆட்டோ’ என்றும் ‘பிட்ஸ்ட்ரீம்’ என்றும் பெயர். பத்து நிமிட வேலை. திரையில் எழுத்து மாறியதும் மழைக் காட்சி ஒன்றைப் போட்டோம். பெரியம்மா எழுந்துபோய் பால்கனிக் கதவைப் பார்த்துவிட்டு வந்தார்.

நம்பிக்கை: இ-ஏஆர்சி இல்லாத டிவியை மாற்றித்தான் ஆக வேண்டும்.

இதை நம்பி யாரும் அவசரப்பட்டுப் பணம் செலவழித்துவிடக் கூடாது. இ-ஏஆர்சி என்பது ஏஆர்சியின் புதிய வடிவம். 2009-இல் வந்த பழைய ஏஆர்சியே டால்பி டிஜிட்டல் பிளஸைச் சுமக்கும். டிவி அதை அப்படியே வெளியே விடும் ரகமாக இருந்தால் ஓடிடி அட்மாஸுக்கு அதுவே போதும். ப்ளூ-ரே தட்டில் இருக்கும் ட்ரூஎச்டி ஒலியை டிவி வழியாகக் கொண்டுபோகத்தான் இ-ஏஆர்சி வேண்டும். ஆப்பிள் டிவி பெட்டியை டிவியில் செருகினாலும் அப்படித்தான், ஏனென்றால் அது ஒலியைத் தானே பிரித்து வேறு வடிவத்தில் அனுப்புகிறது. இந்தப் பெட்டிகளை நேரே ரிசீவரில் செருகிவிட்டால் டிவியின் ஏஆர்சி பற்றிய பேச்சே இல்லை.

நம்பிக்கை: நெட் வேகம் போதாததால்தான் சரவுண்ட் வரவில்லை.

நெட்பிளிக்ஸின் அட்மாஸ் ஒலி அதிகபட்சம் விநாடிக்கு 768 கிலோபிட். ஒரு மெகாபிட்கூட இல்லை. 4கே படம் தடங்கலில்லாமல் ஓடும் வீட்டில் ஒலிக்கு மட்டும் வேகம் போதாமல் போகாது. ப்ளூ-ரேயின் ட்ரூஎச்டி இழப்பில்லாத ஒலி, ஓடிடியில் வருவது சுருக்கப்பட்டது என்பது உண்மைதான். ஆனாலும் ஸ்பீக்கரைச் சரியான இடத்தில் வைப்பதால் கிடைக்கும் மாற்றம் அந்த வித்தியாசத்தைவிடப் பெரிது என்பது என் அனுபவம்.

நம்பிக்கை: ஸ்பீக்கரை எவ்வளவு உயரத்தில் மாட்டுகிறோமோ அவ்வளவு நல்லது.

பக்கவாட்டு ஸ்பீக்கர்களைக் கூரை மூலையில் ஆணியடித்து மாட்டுவது நம் வீடுகளில் வழக்கமாகிவிட்டது. அப்படி மாட்டினால் மேலிருந்து வரும் ஒலிக்கும் பக்கத்திலிருந்து வரும் ஒலிக்கும் வேறுபாடே தெரியாது. உட்கார்ந்த நிலையில் காது மட்டத்தில், அல்லது சற்றே மேலே, நமக்குக் கொஞ்சம் பின்தள்ளி இருக்கட்டும். கூரையில் ஒலியை எறிந்து திருப்பும் சவுண்ட்பார் என்றால் கூரை தட்டையாக, கெட்டியாக இருக்க வேண்டும். எட்டு முதல் பன்னிரண்டு அடி உயரத்து கான்கிரீட் தளம் அதற்கு நன்றாகவே ஒத்துழைக்கும். சரிந்த ஓட்டுக் கூரைக்கு அந்த ரகத்தை வாங்காதீர்கள்.

நம்பிக்கை: படம் அட்மாஸ் என்றால் எந்த மொழியில் பார்த்தாலும் அட்மாஸ்தான்.

அந்தத் தீபாவளியன்று மழைக் காட்சி போட்டுப் பார்த்த ஆங்கிலப் படத்தைப் பெரியம்மாவுக்காகத் தமிழுக்கு மாற்றியதும் ரிசீவர் திரையில் எழுத்தும் மாறி, வெறும் ஸ்டீரியோ ஆனது. ஒவ்வொரு மொழிக்கும் தனித் தனி ஒலித்தடம். மூலமொழிக்கு அட்மாஸ் தந்துவிட்டு டப்பிங்குக்கு இரண்டே சேனலில் நிறுத்திக்கொள்ளும் படங்கள் உண்டு. ஒரே சந்தா கட்டும் தமிழ்ப் பார்வையாளருக்கு இது நியாயமில்லை. செயலியில் குறை தெரிவிக்கும் இடம் இருக்கிறது, நான் எழுதிக்கொண்டேதான் இருக்கிறேன், நீங்களும் எழுதுங்கள். படம் தொடங்கும் முன் மொழிப் பட்டியலில் தமிழுக்குப் பக்கத்தில் 5.1 அல்லது அட்மாஸ் என்று இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் ரிமோட்டில் ‘டால்பி சரவுண்ட்’ முறையைத் தேர்ந்தெடுங்கள். அசல் அட்மாஸ் ஆகாது, ஆனால் வசனம் நடு ஸ்பீக்கருக்கு வந்துவிடும், பின்னால் இருப்பதும் கொஞ்சம் வாய் திறக்கும். பெரியம்மா அப்படித்தான் மீதிப் படத்தைப் பார்த்து முடித்தார்.