சுருட்டுப் புகையிலை: சாம்பல் சொல்லும் பாடம்

திண்டுக்கல், ஆத்தூர், வேடசந்தூர் வட்டாரங்களில் புகையிலை பழைய பயிர். திண்டுக்கல் இலையில் சுற்றிய சுருட்டுக்கு ஒரு காலத்தில் கடல் கடந்த கிராக்கி இருந்தது. இன்று சுருட்டுச் சந்தை வெகுவாகச் சுருங்கிவிட்டது. ஆகவே இலையின் தரம் முன்னிலும் முக்கியமாகிறது. தரத்தைக் காட்டிக் கொடுப்பது சாம்பல்.

உலகறிந்த சுருட்டு

போர்த்துக்கீசியர் வழியாகப் புகையிலை இந்தியாவுக்கு வந்தது. ஆங்கிலேயர் வழங்கும் ‘செரூட்’ என்ற சொல் நம் ‘சுருட்டு’ என்பதிலிருந்து பிறந்ததே. ‘திருச்சினாப்பள்ளிச் சுருட்டு’ என்று பெயர் பெற்ற சரக்குக்குத் திண்டுக்கல் பகுதி இலையும் சென்றது. ஸ்பென்சர் கம்பெனி திண்டுக்கல்லிலேயே சுருட்டுத் தொழிற்சாலை நடத்தியது. 1887-இல் வெளிவந்த முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் நாவலில், துப்பறிபவர் சாம்பலைப் பார்த்தே அது திருச்சினாப்பள்ளிச் சுருட்டு என்று கண்டுகொள்கிறார். சுருட்டுப் புகையிலை ஆராய்ச்சிக்கென 1948-இல் வேடசந்தூரில் நிலையம் தொடங்கப்பட்டது.

நல்ல சுருட்டு எது?

சுருட்டில் உள்ளே வைக்கும் இலை, அதைக் கட்டும் இலை, மேலே சுற்றும் இலை என மூன்று உண்டு. ஊசிக்காப்பல், வட்டக்காப்பல் போன்றவை நம் பகுதியின் பழைய ரகங்கள். மேலே சுற்றும் இலை மெல்லியதாக, ஓட்டையின்றி இருக்க வேண்டும். சுருட்டுப் பிரியர்கள் வேண்டுவது நிதானமாக, ஒரே சீராக எரிவதும், நல்ல மணமும், உதிராத வெளிர் சாம்பலும். அடிக்கடி அணைந்து, கருஞ்சாம்பல் தரும் சுருட்டை அவர்கள் ஒதுக்கிவிடுவர்.

கிணற்று நீரைக் கவனியுங்கள்

இலை எரியாமல் போக முக்கிய காரணம் குளோரைடு உப்பு. இலையில் இது 2 சதவீதத்தைத் தாண்டினால் எரிதன்மை மிகவும் கெடும். உப்புக் கிணற்று நீரும், மியூரியேட் ஆப் பொட்டாஷ் உரமும் இதைக் கூட்டும். மாறாக, சாம்பல் சத்து இலை எரிய உதவும். ஆகவே சாம்பல் சத்தை சல்பேட் ஆப் பொட்டாஷ் உரமாக இடுவதே சரி. பக்கத்துக் கிணற்று நீர் நன்றாக இருப்பதால் தம் கிணறும் அப்படியே இருக்கும் என்று எண்ணலாகாது. நாற்று விடுமுன் மண், நீர் இரண்டையும் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். பதப்படுத்தி உலர்ந்த இலையில், நரம்பில்லாத இடத்தில், கனலும் ஊதுவத்தியை வைத்து எடுக்கவும். கனல் மெல்லப் படர்ந்தால் நல்ல இலை. உடனே அணைந்தால் உப்பு அதிகம் என்று சந்தேகிக்கலாம்.

பதனம்

வெயிலில் உலர்த்திய இலையைப் பதமாகப் போர் போட்டுப் புழுங்க விட வேண்டும். சூடு ஏறியதும் போரைப் பிரித்து, உள் இலை வெளியே வரும்படி மாற்றி அடுக்க வேண்டும். இவ்வாறு பலமுறை செய்தால் காரம் தணிந்து மணம் கூடும். ஈரம் மிகுந்தால் பூசணம் பிடித்து, ஒரு பருவ உழைப்பே வீணாகும்.

எச்சரிக்கை

சுருட்டுப் புகையை உள்ளிழுக்காவிட்டாலும் வாய், தொண்டைப் புற்றுநோய் வரும். 18 வயதுக்குட்பட்டோருக்குப் புகையிலைப் பொருள் விற்பதை 2003-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. பயிரிடுவோருக்கும் ஆபத்துண்டு. பனி நனைந்த இலையைத் தொட்டு வேலை செய்தால் நிக்கோடின் தோல் வழியே ஏறி, தலைசுற்றலும் வாந்தியும் உண்டாகும். இலை உலர்ந்த பின் வேலை செய்வதும், முழுக்கைச் சட்டையும் கையுறையும் அணிவதும், வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கழுவுவதும் அவசியம். குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் இவ்வேலையில் விடக்கூடாது.

கிணறு உப்பாக இருந்தாலோ, வாங்குவோர் யார் என்பது முன்கூட்டியே தெரியாவிட்டாலோ, சுருட்டு இலையை நம்பிக் கடன் வாங்குவது விவேகமன்று. அந்த நிலத்துக்கும் நீருக்கும் ஏற்ற வேறு பயிரை வேளாண்மை அலுவலரைக் கலந்து தேர்ந்தெடுப்பதே நலம் தரும்.