சேற்றுழவின்போது உழவு இயந்திரம் சூடேறுவது ஏன்?

சிறுபோகத்திற்கு இரணைமடுக் குளத்து நீர் வாய்க்காலில் வந்ததும் வட்டக்கச்சி வயல்களில் சேற்றுழவு மும்முரமாகிவிடும். அவ்வேளையில் இயந்திரம் இரண்டு நாள் நின்றாலும் நீர்முறை தப்பிவிடும். ஒரு சிறுபோகத்தில் இவ்வூர்க் கமக்காரர் ஒருவரின் உழவு இயந்திரத்தில் சிலிண்டர் ஹெட் காஸ்கெற் எரிந்துபோயிற்று. காரணத்தை ஆராய்ந்தபோது, றேடியேற்றரின் முன்வலையில் பதரும் வைக்கோல் தூளும் அடைந்திருந்தமையே கண்டோம். சூட்டுமானியின் முள் சிவப்பைத் தொட்ட பின்னும், இந்த வயலை முடித்துவிடுவோம் என்று அவர் ஓட்டியதே வினையாயிற்று.

எரியும் டீசலின் வெப்பத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கே வேலையாக மாறுகின்றது. எஞ்சியதில் ஒரு பகுதி புகையோடு போக, மற்றொரு பகுதியை எஞ்சினைச் சுற்றியுள்ள நீர் ஏற்று, றேடியேற்றருக்குக் கொண்டு செல்கின்றது. அங்கே காற்று அதனைக் குளிரச் செய்கின்றது. கண்டி வீதியில் விரைந்து செல்லும் காருக்கும், சந்தைக்கு மரக்கறி ஏற்றிச் செல்லும் பட்டா வாகனத்திற்கும் எதிர்காற்றே பாதி வேலையைச் செய்துவிடும். அதே வாகனம் நெரிசலில் ஊர்ந்து செல்லும்போது விசிறி ஒன்றையே நம்பியிருக்கிறது. விரைவாக ஓடுகையில் சூடேறாது, ஊர்ந்து செல்கையில் மட்டும் சூடேறுமாயின், முதலில் விசிறியைப் பாருங்கள். அது மின்விசிறியாயின், எஞ்சினை நின்ற நிலையில் ஓடவிட்டு, முள் ஏறும்போது விசிறி சுழலத் தொடங்குகின்றதா எனக் கவனியுங்கள். சுழலாவிடில் பியூசையும், விசிறிக்குரிய வெப்ப ஆளியையும் பரிசோதிப்பித்தல் வேண்டும்.

வயலில் உழவு இயந்திரமோ எந்நாளும் நெரிசலில் நிற்கும் வாகனத்தைப் போன்றதே. நடக்கும் வேகத்தில் முழுச் சுமையையும் இழுக்கின்றது. 1964ஆம் ஆண்டில் வெளிவந்த மாசி பெர்குசன் 135 போன்ற இயந்திரங்களில் விசிறியையும் நீர்ப்பம்பியையும் எஞ்சினே பட்டி மூலம் சுழற்றுகின்றது. ஆதலால் எஞ்சின் மெதுவாகச் சுழன்றால் இவ்விரண்டும் மெதுவாகவே சுழலும். உயர்ந்த கியரில் எஞ்சினைத் திணறவிட்டு உழுவோர் பலர். டீசல் மிச்சமாகும் என்பது அவர்கள் எண்ணம். ஒரு கியர் குறைத்து, எஞ்சினைத் தாராளமாகச் சுழலவிட்டால், பல வேளைகளில் முள் தானே இறங்கிவிடும். இதற்குச் செலவு எதுவுமில்லை.

முள் உயர்ந்துவிட்டால் செய்யவேண்டியது யாது? கலப்பையையோ சுழல் கலப்பையையோ உயர்த்திச் சுமையை நீக்கி, எஞ்சினைச் சில நிமிடங்கள் மெதுவாக ஓடவிடுங்கள். ஆனால் பட்டி அறுந்திருந்தாலும், நீர் வெளியேறிவிட்டாலும் உடனே நிறுத்துதல் வேண்டும். சூடான நிலையில் றேடியேற்றர் மூடியைத் திறக்கவே கூடாது. 7 இறாத்தல் அழுத்தம் தாங்கும் மூடியின் கீழ் நீர் ஏறக்குறைய 111 பாகை சதமளவிலேயே கொதிக்கும். மூடியைத் திறந்த கணமே அது ஆவியாகிச் சீறி, முகத்தையும் கண்களையும் வேகவைத்துவிடும். வாய்க்கால் நீரை அள்ளிச் சூடான எஞ்சினில் ஊற்றுவதும் தவறு, ஹெட் வெடிக்கக்கூடும்.

எஞ்சின் நன்றாக ஆறிய பின் நீர்மட்டத்தைப் பாருங்கள். அடுத்து முன்வலையைக் கழற்றி, றேடியேற்றரின் பின்புறமிருந்து முன்புறமாக மெதுவாக நீர் பாய்ச்சிக் கழுவுங்கள். வேகமாக அடித்தால் மெல்லிய தகடுகள் மடிந்து காற்றுவழி நிரந்தரமாக அடைபடும். அறுவடைக் காலத்திலும், சேறு தெறிக்கும் உழவுக் காலத்திலும் நாள்தோறும் மாலையில் இதனைச் செய்தல் நன்று. விசிறிப் பட்டியின் நீண்ட பக்கத்தின் நடுவே பெருவிரலால் அழுத்தினால் ஏறக்குறைய அரை அங்குலம் தாழவேண்டும். அதிகம் தாழ்ந்தால் பட்டி வழுக்குகின்றது. எண்ணெய் பட்டுப் பளபளத்தாலும் அவ்வாறே. கீழ் இறப்பர்க் குழாய் முதுமையால் மென்மையாகிவிட்டால், எஞ்சின் வேகமாகச் சுழலும்போது உட்புறமாகச் சப்பி நீரோட்டத்தைத் தடுக்கும். நின்றபின் பழைய வடிவத்திற்கு வந்துவிடுவதால் இக்குறை எளிதிற் கண்ணிற்படாது.

இவை யாவும் செம்மையாயிருந்தும் சூடேறினால் தெர்மோஸ்ரற்றைக் கழற்றி, நீருள்ள பாத்திரத்தில் அடியைத் தொடாதபடி நூலிற் கட்டித் தொங்கவிட்டுச் சூடாக்குங்கள். அதிற் பொறிக்கப்பட்ட வெப்பநிலையை அண்மித்ததும் அது திறக்கவேண்டும். திறக்காததை எறிந்துவிட்டுப் புதியதைப் பூட்டுங்கள். அதனை அடியோடு அகற்றிவிட்டு ஓடுவது நம்மிடையே பரவியுள்ள கெட்ட பழக்கம். எஞ்சின் உரிய சூட்டை அடையாது டீசலை வீணாக்கும். சிலிண்டரும் விரைவில் தேயும்.

கசிவு எதுவுமின்றி நீர் குறைந்துகொண்டே போனால், குளிர்ந்த எஞ்சினின் மூடியைத் திறந்து வைத்து இயக்கிப் பாருங்கள். நீரில் இடைவிடாது குமிழிகள் எழுந்தாலும், எண்ணெய் பாற்றேநீர் நிறம் கொண்டிருந்தாலும் ஹெட் காஸ்கெற் பழுதடைந்துள்ளதெனக் கருதலாம். அதன்பின் ஓட்டாது கைதேர்ந்த திருத்துநரிடம் ஒப்படைத்தல் வேண்டும்.

உங்கள் கிணற்று நீர் கேத்தலின் அடியில் வெண்படிவு விடுமாயின், எஞ்சினுள்ளும் அதே படிவு படிந்து வெப்பத்தை மறிக்கும். மழைநீரைச் சேமித்து ஊற்றுங்கள். அல்லது கூலன்ற் திரவத்தைச் சுத்தமான நீருடன் சரிபாதியாகக் கலந்து ஊற்றுங்கள். அது துருவைத் தடுப்பதுடன், நீர் கொதிக்கும் வெப்பநிலையையும் உயர்த்தும். ஆனால் அதிலுள்ள எதிலீன் கிளைக்கோல் இனிப்புச் சுவையுடைய நஞ்சாகும். வடித்த கழிவை வாய்க்காலில் விடாது, மாடுகளும் நாய்களும் நக்காதபடி மூடிய கலனில் வைத்திருங்கள்.

றேடியேற்றர் இல்லாத சில இருசில்லு உழவு இயந்திரங்களுக்கு இவ்விதிகள் பொருந்தா. அவற்றின் நீர்த்தொட்டியில் நீர் கொதித்து ஆவியாவதே குளிர்ச்சி பெறும் முறை. ஆவியைக் கண்டு அஞ்சவேண்டியதில்லை. மிதவை தாழ்ந்ததும் நீர் நிரப்பினாற் போதும்.